சாய்ஸில் விட்ட கேள்வி

இன்று என்ன கிழமை என்று கேட்டேன். செவ்வாய் என்றாள் என் மனைவி. மாதம் என்றேன். ஐப்பசி, ஆனா டாக்டர் கேட்டா அக்டோபர்னு சொல்லோணும், அப்படித்தானுங்களே என்று அவளே திருப்பிக் கேட்டாள். சரி என்று காற்றில் விரலால் ஒரு டிக் போட்டேன், சிரித்தாள். எந்த ஊருக்கு வந்திருக்கிறோம், கோயமுத்தூர், எதற்கு வந்திருக்கிறோம், மண்டைக்கு, மண்டைக்கு என்று சொல்லக் கூடாது திலகா, ஞாபக சக்திக்கு என்று சொல், சரிங்க, ஞாபக சக்திக்கு. பரீட்சை ஹாலுக்கு வெளியே கடைசி நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்டும் பிள்ளைகளைப் பார்த்து முப்பது வருஷம் கத்தியவன் நான், மூடி வைங்கடா, இப்பப் படிச்சு ஒண்ணும் ஏறாது, உள்ள இருக்கறதும் கொழம்பிரும் என்று. இப்போது நரம்பு டாக்டரின் அறை வாசலில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து நானே புரட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாக் கேள்வியும் கேட்டாகிவிட்டது, ஒன்றைத் தவிர. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்கிற கேள்வி. டாக்டர்கள் எல்லோரும் கேட்பது அது. கிழமைக்கும் மாதத்துக்கும் அப்புறம், சுலபமான கேள்வி என்று நினைத்துக் கேட்பார்கள், ஃபெயிலாகிறவனுக்கும் ஒரு மார்க் விழட்டும் என்று நாங்கள் ஒரு கேள்வி வைப்போமே, அந்த மாதிரி. அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அது தப்பு என்றும் தெரியும். அந்தத் தப்பைப் பதிய வைத்த வாத்தியார் யார் என்றும் தெரியும். வழியில் வாங்கிய இட்லியை அவள் சாப்பிட்டாள், நான் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

போன வருஷம் சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், மறுநாள் சாயங்காலம் என்னை ஏற இறங்கப் பார்த்து, நீங்க யாருங்க, எங்க ஊட்டுக்காரரு ஸ்கூலுக்குப் போயிருக்கறாரு, பொறகு வாங்க என்றாள். மூளைக்காய்ச்சல். பிழைக்கிறது கஷ்டம் என்றார்கள், பிழைத்து வந்தாள், நடந்தாள், சாப்பிட்டாள், புடவையை ஒழுங்காகக் கட்டினாள், ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கை மறக்கவில்லை. ஆனால் கடைசி ஐந்தாறு வருஷத்தை யாரோ சுத்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாகச் சொல்வதும் நிற்பதில்லை. நான் ரிட்டயர் ஆனது அவளுக்குத் தெரியாது, தினமும் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸைக் கட்டிக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள், நானும் வாங்கிக்கொண்டு தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். அப்போது இங்கே இருந்த பெரிய டாக்டர், அவர் இப்போது மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டாராம், இன்று யாரோ புதிதாக ஒரு டாக்டரம்மா, அந்தப் பெரியவர்தான் சொன்னார், "சார், நீங்க சொல்லிக்கிட்டே இருக்காதீங்க, கேளுங்க. சொன்னா காதுல விழுந்து போயிரும். கேட்டாத்தான் மூளை உள்ள போய்த் தேடும். ஒருதரம் தேடி எடுத்தது சீக்கிரம் தொலையாது" என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கண்டுபிடிக்க இவருக்கு இத்தனை படிப்பா.

நான் ஒன்பதாம் வகுப்பில் பரிசோதனையே நடத்தியவன் ஐயா. அதே பாடம், அதே வாத்தியார், பிரெஞ்சுப் புரட்சி. 'ஏ' பிரிவுப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தேன், சத்தம் போட்டு, அடிக்கோடு போட்டு. 'பி' பிரிவில் ஒரே ஒருமுறை வாசிப்பு, பிறகு புத்தகத்தை மூடு, கால் தாளைக் கிழி, எழுது. ஸ்லிப் டெஸ்ட். முனகுவார்கள், வயிற்று வலி என்பார்கள், இங்க் தீர்ந்துவிட்டது என்பார்கள், எழுது. மறுநாள் கேட்டபோது 'ஏ' பிள்ளைகள்தான் கடகடவென்று ஒப்பித்தார்கள், தலைமையாசிரியர்கூட என்னைக் கிண்டல் செய்தார், என்ன சார் உங்க சிலிப்பு வழுக்கிருச்சாட்டம் இருக்குது என்று. பொங்கல் லீவு முடிந்து வந்து கேட்டேன். 'ஏ' பிரிவில் பாதிப் பேருக்கு அது எந்த நாட்டுப் புரட்சி என்றே தெரியவில்லை, விழித்தார்கள். 'பி' பிரிவில் கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து நின்று சொன்னான். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நான் போட்ட சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாசிப்பது உள்ளே போடுவது, எல்லாக் கழுதையும் உள்ளே போடும், பரீட்சை என்பது வெளியே எடுப்பது, எடுத்துப் பழகாதது உள்ளே இருந்தும் இல்லாததுதான் என்று கத்தினேன். பெருமை. எதற்கெல்லாம் ஒரு மனிதன் பெருமைப்பட்டிருக்கிறான் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் ஒரே வாடை, டெட்டாலும் காபியும் கலந்த வாடை. எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது, யாரோ சமைக்கிறார்கள். திலகா அதை உற்றுப் பார்த்துவிட்டு எண்ணெய் பத்தாது என்கிறாள். அறைக்குள் போனவர் வர நேரமாகிறது. ஒரு நர்ஸ் வந்து, "அடுத்து நீங்கதாங்க, கூப்புடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்கலாமா, இப்போது ஒருமுறை கேட்டுவிடலாமா, ரகசியமாக, காதோடு. கேட்டு, சரியான பதிலையும் சொல்லிவிட்டால்? இந்த வராந்தாவில், இத்தனை பேர் நடுவில்? வேண்டாம். வீட்டில் முதல் தடவை சொன்னபோது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும், அக்கம்பக்கத்துக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அது. சாயங்காலம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள், என்ன திலகா என்றேன், "நந்துவ இன்னும் காணமுங்க, இருட்டுக் கட்டிருச்சு, போன் போடுங்க" என்றாள். நந்து எங்கள் பையன், நந்தகோபால், இளையவன். அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் பல்லடம் ரோட்டில் லாரிக்காரன் அவனை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டான், அவன் பைக் பெரிதாக அடிபடக்கூட இல்லை, ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் உடைந்திருந்தது. அந்த இரண்டு வருஷத்தையும் காய்ச்சல் தின்றுவிட்டது, சாவையும் சேர்த்து. அவளுக்கு அவன் மில்லிலிருந்து ஷிஃப்ட் முடித்து வரவேண்டியவன், கொஞ்சம் லேட், அவ்வளவுதான். நான் சொன்னேன். எத்தனை நாள் மறைக்க முடியும் என்று சொல்லிவிட்டேன். அவள் அழுத அழுகை இருக்கிறதே, சுடுகாட்டுக்குக் கிளம்பிய அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. தலையைச் சுவரில் மோதினாள். தூங்கி எழுந்தாள், காபி குடித்தாள், சாயங்காலம் இருட்டியதும் வாசலுக்கு வந்து, நந்துவ இன்னும் காணமுங்க என்றாள். மறுபடி சொன்னேன், மறுபடி அன்றுதான் செத்தான். ஒருத்திக்கு ஒரே மகன் எத்தனை தடவை சாக முடியும். அப்போதுதான் அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, சொல்லாதே, கேள். அதில் பிடித்துக்கொண்டேன். காலையில் காபிக்கு அப்புறம், அவள் முகம் தெளிவாக இருக்கும் நேரம், கிழமை, மாதம், ஊர், நம்ம பிள்ளைகள் எத்தனை, ரெண்டு, பெரியவள் எங்கே, சுகந்தி ஈரோட்டில், சின்னவன் எங்கே. அங்கே நிறுத்திக் காத்திருப்பேன். தேடட்டும். உள்ளே போய்த் தேடட்டும். அவள் நெற்றி சுருங்கும், கண் என் முகத்தில் அலையும், பிறகு அது மேலே வரும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், அது வருவதை. முதலில் ஒரு பதற்றம், பிறகு வாய் கோணும், பிறகு, போயிட்டானுங்களா என்பாள். ஆமாம் என்பேன். அழுவாள். வேலை செய்தது. பரீட்சை வேலை செய்தது. ஒரு மாதத்தில் போயிட்டானுங்களா என்பது போயிட்டானுங்க என்று ஆயிற்று. சாயங்காலம் வாசலுக்குப் போவது நின்றது. எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு பாடம் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்ததில்லை, நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்த லட்சணம், அவள் நாள் முழுக்க அழ ஆரம்பித்தாள். காரணம் பத்து மணிக்குள் மறந்துவிடும், அழுகை மட்டும் நிற்காது. ஏன் அழுகிறாய் என்றால், தெரியலீங்க, நெஞ்சுல என்னமோ கல்லு மாதிரி இருக்குதுங்க, நான் எதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா என்பாள். காரணமில்லாத துக்கம். காரணம் தெரிந்தால்கூட நாலு பேரிடம் சொல்லி ஆறலாம். சுகந்தி ஈரோட்டிலிருந்து வந்து ஒரு காலை நேரம் இதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "அப்பா, என்னுங்கப்பா பண்றீங்க? இது ஸ்கூலா? அம்மாவுக்கு டெய்லி கருமாதி பண்ணீட்டு இருக்கறீங்க" என்றாள். டாக்டர் சொன்னார் கண்ணு என்றேன். "டாக்டரு கிழமையக் கேக்கச் சொன்னாரு, மாசத்தக் கேக்கச் சொன்னாரு. இந்தக் கேள்விய மட்டும் விட்டுருங்கப்பா. ஸ்கூல்ல சொல்வீங்கல்ல, சாய்ஸ்ல விடறதுன்னு. சாய்ஸ்ல விட்டுருங்க." சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த நந்துவின் படத்திலிருந்து மாலையைக் கழற்றி அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள், அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அவளுக்கும் தம்பிதானே அவன். பெண் சொன்னது சரியாகத்தான் பட்டது. விட்டுவிட்டேன். பிள்ளைகள் எத்தனை என்ற கேள்வியையும் சேர்த்து விட்டேன், ஏனென்றால் அதைக் கேட்டால் அடுத்தது வந்துதான் தீரும்.

சாய்ஸில் விட்ட பாடம் என்ன ஆகும் என்று என்னை விட யாருக்குத் தெரியும். ஆறாவது பாடத்தைப் பரீட்சைக்குக் கேட்க மாட்டார்கள் என்று எவனாவது வதந்தி கிளப்பிவிட்டால் போதும், மாசி மாதத்துக்குள் அந்தப் பாடம் அந்த வகுப்பை விட்டே போய்விடும், பேர்கூட மிஞ்சாது. அவள் அழுவது குறைந்தது. சாப்பாடு இறங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது, டிவி பார்த்துச் சிரித்தாள். துக்கம் போகிறது என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள், சாவு மட்டும் போகும், பையன் இருப்பான் என்று நினைத்தேன். இந்த ஆடியில் ஒருநாள் சாமி படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நந்துவின் படத்தைக் கையில் எடுத்து, துணியால் முகத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, "ஏனுங்க, இந்தப் பையன் நம்ம சுகந்தி ஊட்டுக்காரருக்குத் தம்பிங்களா? லட்சணமா இருக்கறான்" என்றாள். நான் கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தேடினேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பத்து மாதம் சுமந்தவள். டைபாய்டில் அவன் கிடந்தபோது மாரியம்மனுக்கு முடி கொடுத்தவள். அன்றைக்கு அங்கேயே, அந்த நொடியே கேட்டேன், பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது, திலகா, நமக்கு எத்தனை பிள்ளைங்க? விழித்தாள். தேடினாள், அது எங்கேயும் இல்லை, நெற்றி சுருங்கிச் சுருங்கி விரிந்தது, உதடு நடுங்க ஆரம்பித்தது, எனக்குத் தாங்கவில்லை, அதனால் மக்குப் பிள்ளைகளுக்குச் செய்வதை அவளுக்கும் செய்தேன். சரியான விடையைத் தேர்ந்தெடு. ஒண்ணா, ரெண்டா?

அதை எந்த டாக்டரும் செய்யச் சொல்லவில்லை. வேறு எந்தப் புருஷனும் செய்திருக்க மாட்டான், ஒரு வாத்தியாருக்குத்தான் அந்தப் புத்தி வரும். ஒரு மார்க் கேள்வி எவ்வளவு கெட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலு விடை கொடுப்போம், மூன்று தப்பு, அந்தத் தப்புகளைப் பையன் அதுவரை கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டான், நாமே அச்சடித்துக் கையில் கொடுக்கிறோம், அவன் ஒன்றை டிக் செய்கிறான், செய்த கையோடு அது அவனுடையதாகிவிடுகிறது. பிறகு எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த பரீட்சையில் அதே தப்பு வரும், தேடி எடுத்தது சீக்கிரம் தொலையாது, சரியானதற்கு மட்டும்தான் அந்த விதி என்று யார் சொன்னது. மக்குப் பிள்ளைகள் கேள்வித்தாளைப் பார்த்து விடை எழுதுவதில்லை, வாத்தியாரின் மூஞ்சியைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். திலகாவும் பார்த்தாள். ஒண்ணுங்களா என்று இழுத்தாள். என் மூஞ்சியில் என்ன இருந்ததோ, களைப்பு இருந்திருக்கும், இன்னொரு தடவை அவள் தலையை மோதிக்கொள்வதைப் பார்க்கத் திராணியில்லாமல் இருந்திருக்கும், நான் வாயைத் திறக்கவில்லை, அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். ஒண்ணுங்க, சுகந்தி ஒருத்திதானுங்க என்று பளிச்சென்று சொன்னாள், முகம் மலர்ந்துவிட்டது, அத்தனை நாளில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் வீட்டில் நான் கேட்கவே வேண்டியதில்லை, கிழமை, மாதம், ஊர் எல்லாம் முடிந்ததும் தானாகவே எனக்கு ஒரே பொண்ணு என்று ஒப்பித்துவிட்டு என்னைப் பார்ப்பாள், டிக் வேண்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவளாகவே காற்றில் போட்டுக்கொள்வாள்.

சரி, போகட்டும், என்ன நஷ்டம் என்று சுகந்தி போனில் கேட்கிறாள், அம்மா நிம்மதியா இருக்கறாங்கல்லப்பா என்று. நியாயம்தான். நிம்மதியாகத்தான் இருக்கிறாள். நந்துவுக்கு இனி ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியானால் அவள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று நான் ஏன் துடிக்கிறேன், யாருக்காக? எனக்காகத்தான், அப்பட்டமாக எனக்காகத்தான். சேர்ந்து அழ ஆள் வேண்டும் எனக்கு. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்துக்கொண்டே ஒரு மாதிரி முனகுவான், பாட்டுப் போல, அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவளும் நானும். இப்போது நான் மட்டும். நானும் போய்விட்டால் அந்த முனகல் நடந்ததே இல்லை என்றாகிவிடும். அது மட்டுமல்ல, இன்னொரு பயம், இதை யாரிடமும் சொல்லவில்லை. அவனைப் பற்றி நானும் மறந்துகொண்டு வருகிறேன். படுக்கையில் கிடந்து என்னையே கேட்டுக்கொள்வேன், ஸ்லிப் டெஸ்ட், அவன் கடைசியாகப் போட்டிருந்த சட்டை, நீலக் கட்டம், அவனுக்குப் பிடித்தது, பச்சைப்பயறுக் கடைசல், பயந்தது, நாய்க்கு. எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது, உடனே வருகிறது, தினமும் கேட்கிற கேள்விகளாயிற்றே. ஆனால் கேட்காதவை? போன வாரம் அவன் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தேன், வரவில்லை. கட்டையா, கீச்சா, அப்பா என்று கூப்பிடும்போது முதல் எழுத்தை அழுத்துவானா. வரவில்லை. நீலச் சட்டையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு மற்ற சட்டைகளையெல்லாம் தொலைத்துவிட்டேன், இருபத்தாறு வயதுப் பையன் ஒரு சட்டையோடுதான் வாழ்ந்தானா. நான் வைத்த பரீட்சையில் வந்த நந்து மட்டும்தான் என்னிடமும் மிச்சம். இதையெல்லாம் யோசிக்க இந்த பெஞ்ச்தான் கிடைத்ததா, கண்ணைத் துடைத்துக்கொள், ஆட்கள் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் பருமனான ஓர் அம்மா வந்து உட்கார்ந்தாள், கையில் எக்ஸ்ரே கவர், முகத்தில் பேச ஆள் தேடும் ஆசை. எந்த ஊருங்க என்று திலகாவைக் கேட்டாள், உடுமலைப்பேட்டைங்க என்றாள் திலகா, நான் உள்ளுக்குள் டிக் போட்டேன், பழக்கம் விடுகிறதா. "எனக்குத் தலைசுத்தலுங்க, நின்னா அப்படியே தள்ளீட்டுப் போவுது. உங்களுக்கு?" ஞாபக சக்திக்குங்க என்றாள் திலகா. "அட, நல்லாத்தானுங்க பேசறீங்க. இவரு உங்க ஊட்டுக்காரருங்களா? பசங்க ஆரும் வல்லீங்களா? எத்தன பசங்க உங்களுக்கு?" பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள், தெரியாத ஆளைக் கண்டால் இந்த ஊரில் முதல் கேள்வியே இதுதான், எத்தனை பேர் வாயை நான் அடைக்க முடியும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோய், குடி திலகா, வெயிலுக்கு வறண்டிருக்கும் என்றேன், அவள் எனக்குத் தாகமில்லீங்களே என்றாள், குடி என்றேன், மருண்டு குடித்தாள், கழுத்தில் தண்ணீர் வழிந்தது. அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெண்டாட்டியை மிரட்டும் கிழவன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். நர்ஸ் கதவைத் திறந்து திலகமணி, திலகமணி யாருங்க என்று கூப்பிட்டாள், திலகாதான் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

டாக்டரம்மாவுக்குச் சுகந்தி வயதுகூட இருக்காது, கண்ணாடி போட்ட சின்ன முகம், நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார். "அம்மா இங்க முன்னாடி வாங்க. சார், நீங்க பின்னால உக்காருங்க, எடுத்துக் குடுக்கக் கூடாது, சரிங்களா?" எடுத்துக் குடுக்க மாட்டேனுங்க, நானும் வாத்தியார்தான் என்றேன். கிழமை கேட்டார், மாதம் கேட்டார், செவ்வாய், அக்டோபர். ஊர், எந்த மாடி, எதற்கு வந்தீர்கள், ஞாபக சக்திக்குங்க. மூன்று வார்த்தை சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சாவி, மாம்பழம், பஸ். பேச்சை மாற்றி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், தடுமாறினாள், எண்பத்தாறு வரை வந்து நின்றாள், பரவாயில்லை, கணக்கில் அவள் அந்தக் காலத்திலேயே சுமார்தான். இப்ப அந்த மூணு வார்த்தை என்னம்மா என்றார். நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். சாவி என்றாள். பஸ் என்றாள். நெற்றி சுருங்கியது. சொல், சொல் திலகா, தேடு. மாம்பழம் என்றாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, என் ஸ்டூடெண்ட் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது, வெட்கக்கேடு. வெரி குட்மா, நல்லாத் தேறியிருக்கறீங்க என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார், தட்டிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?" என்றார்.

திலகா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மூஞ்சியைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டேன், ஒரு கோடுகூட அசையக் கூடாது, தானாகச் சொல்லட்டும். ரெண்டு என்று சொல்லிவிடேன், இங்கேயே ஓவென்று அழேன், நானும் அழுகிறேன் என்று ஒரு பக்கம், வேண்டாம் சாமி, அவள் தலை இன்னொரு தடவை சுவரில் மோத வேண்டாம் என்று இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில். அவள் முன்பக்கம் திரும்பினாள். "ஒண்ணுங்க. பொண்ணு. சுகந்தி, ஈரோட்டுல குடுத்திருக்குது." பையன் இல்லீங்களா என்றார் டாக்டரம்மா. "பையன் இல்லீங்க." காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வது போல அத்தனை லேசாகச் சொன்னாள். சூப்பர்மா என்று தட்டி முடித்துவிட்டு டாக்டரம்மா என் பக்கம் நிமிர்ந்தார். "கரெக்டா சொல்றாங்களா சார்?"

சரி என்று சொன்னால் போதும். ஒரு டிக். யாருக்கும் வலிக்காது, மருந்தைக் குறைத்து எழுதித் தருவார், சாயங்காலத்துக்குள் ஊர் போய்ச் சேரலாம், அவள் ரசம் வைப்பாள். சுகந்தியும் அதையே சொல்வாள். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இதற்கு நான் டிக் போட்டால், தகப்பன் நானே போட்டால். "ரெண்டுங்க" என்றேன். மறுபடி சொன்னேன், "ரெண்டு பிள்ளைங்க. பையன் பேரு நந்தகோபால்." சொல்லிவிட்டு அவள் விழுந்தால் பிடிக்கத் தயாராக எழுந்து நின்றேன். அவள் விழவில்லை. கத்தவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், கோபமே இல்லாமல், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவின் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, "இவருக்குத்தானுங்க கொஞ்ச நாளா ஞாபகம் செரியில்ல. தூக்கத்துல அந்தப் பேரச் சொல்லிச் சொல்லி அழுகறாருங்க, ஆருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. இவரையும் ஒருக்காப் பாத்துருங்க" என்றாள். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், யாரை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை, சார், நீங்க முன்னாடி வந்து உக்காருங்க என்றார். திலகா எழுந்து அவள் நாற்காலியை எனக்குத் தந்தாள். உட்கார்ந்ததும் என் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள், காய்ச்சலுக்கு அப்புறம் அவளாக என்னைத் தொட்டு இப்படிப் பிடித்தது இல்லை. "பயப்படாதீங்க" என்றாள், "தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க."